டிஸ்ட் ஃபோல்டரைத் தவிர்த்து

ஜூலை 7, திங்கள்
வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு பிழையை முழுசாக என்னிடம் கொடுத்திருக்கிறார் செல்வக்குமார் சார். பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அச்சிடும் மென்பொருள் எங்களுடையது. வேலம்பாளையம் யூனிட்டில் பேக்கிங் பார்க்கும் பாண்டியம்மாள் அக்கா காலையிலேயே போன் செய்தார்.
“ஏனுங் கண்ணு, உள்ள இருக்கறது நேவி ப்ளூ. ஸ்டிக்கர்ல பிளாக்னு வருதுங்க. வியாழக்கிழமை லாரி ஏறோணும். பெட்டியெல்லாம் அப்படியே நிக்குது.”
நேவி ப்ளூவுக்குக் குறியீடு ‘என்பி’. அது எங்கே பிளாக் ஆகிறது?

ஜூலை 8
நிரல் எழுதும் எடிட்டரில் ‘என்பி’ என்று தேடினால், அது வரும் இடங்கள் கொட்டோ கொட்டென்று கொட்டுகின்றன. ஒரு கோப்பு முழுக்க ஒரே வரி! அதில் ஓரிடத்தில் பக்கத்திலேயே ‘பிளாக்’. மாற்றினேன். நேவி ப்ளூ வந்துவிட்டது!

மாலை. போச்சு. பில்ட் செய்ததும், அதாவது நிரல்களையெல்லாம் சேர்த்து மென்பொருளைப் புதிதாகக் கட்டியதும், மறுபடி பிளாக். நான் மாற்றியது எங்கே போய்த் தொலைந்தது?

ஜூலை 9
பக்கத்து இருக்கை ஆஷா என் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.
“டிஸ்ட் ஃபோல்டர்லயா கை வெச்சே? அது நாம எழுதுனதே இல்லப்பா. ஒவ்வொரு பில்ட்டுக்கும் பழசை அழிச்சுட்டுத் தானா புதுசா உருவாகும்.”
அட! அசலை விட்டுவிட்டு நகலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.
சார் கேட்டார்: “நான் பாக்கட்டுங்களா?”
“இன்னைக்கே முடிச்சர்றேனுங்க சார்.” ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்?
எடிட்டரில் தேடும் சொல்லை அடிக்கும் இடத்துக்குக் கீழேயே, எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை! டிஸ்ட் என்று அடித்தேன். மிஞ்சியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று, பழைய வண்ணப் பட்டியல்: என்பி என்றால் பிளாக். ஒரே ஒரு சொல்! மாற்றினேன். பில்ட் — நேவி ப்ளூ. நம்பாமல் இன்னொரு பில்ட் — நேவி ப்ளூவேதான்! நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன். யார் பார்த்தால் என்ன?

ஜூலை 10
புது ஸ்டிக்கர் ஒட்டி லாரி கிளம்பிவிட்டது. “உன்ற பேரென்ன கண்ணு?” என்று போனில் கேட்டார் பாண்டியம்மாள் அக்கா.
“பூங்குழலிங்க்கா.”

ஜூலை 21, திங்கள்
“இனி ஸ்டிக்கர் பகுதி முழுக்க நீங்களே பாத்துக்கங்க” என்றார் சார். பொங்கலூருக்கு, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
“அப்படி என்ன கண்ணு பண்ணுனே?”
“எங்க தேடக்கூடாதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொன்னேம்மா.”
“அதுக்கா இத்தன குதி?”
“ஆமாம்மா. அதுக்குத்தான்.”