ஐந்தாம் குகையின் மணி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய மெமரி கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட நாளில் ஒரே கேசட்டுக்கு அடித்துக்கொண்டோமே, அந்தச் சுரங்க ஆட்டம் இந்தப் புதுக் கன்சோலில் ஜோராக ஓடுகிறது. பழைய ஆட்டத்தைப் புதுக் கன்சோலுக்கு ஏற்றபடி கம்பெனிக்காரன் மாற்றித் தரவில்லை, நீ வீட்டிலிருந்தபடி நிரல் எழுதி மாற்றிவிட்டாய்.

ஒரே ஒரு குறை. ஐந்தாம் குகையில் கூரை இடிவதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு மணி அடிக்குமே, அதைக் காணோம். மணி வராமல் எப்போது ஒதுங்குவது? நேற்று மட்டும் பதினோரு தடவை செத்தேன். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டே அந்தக் குகையைத் தாண்டியவன் நான். சரிசெய்து அனுப்பு.

போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளாக லைன் சரியில்லை, நீ பேசுவது பாதிதான் விழுகிறது. மற்றபடி லிஃப்டுகளும் நலம், அவற்றைப் பழுது பார்க்கிற நானும் நலம்.

உன் தம்பி


மார்ச் 12

பாம்புக்காதுத் தம்பிக்கு,

நாலு மாதமாக ஒரு போன் இல்லை. கேட்டால் பழி லைன் மேல். இருக்கட்டும், கடிதமாவது வந்ததே.

இங்கே எனக்கு மணி கேட்கிறது. பழைய கன்சோலில் ஒலிக்கென்றே தனியாக ஒரு சிப் இருந்தது. அது செய்த வேலையையெல்லாம் இப்போது என் நிரல் செய்ய வேண்டும். அங்கே எங்கேயாவது மணி நழுவியிருக்கலாம். இல்லையென்றால், பழைய கோப்புகளை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருப்பாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இத்துடன் அனுப்பும் புதுக் கார்டில் உள்ளதை முழுசாக ஏற்று. டிவியில் ஒலி அமைப்பையும் பார்.

அப்படியும் வரவில்லையென்றால், மணி அடிக்கிற நேரத்தில் கூரையில் ஒரு சின்ன விளக்கு எரிகிற மாதிரி செய்து தருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை என் வீட்டுக்காரி வரிவரியாகப் படிக்க, நான் வரிவரியாகச் செய்தேன். மணி வரவில்லை. தப்பு உன் பக்கம்தான், ஒப்புக்கொள்.

விளக்கெல்லாம் வேண்டாம், அது அழுகுணி ஆட்டம். மூன்றாம் குகையில் நீ வழி கேட்டு அழுதபோது நான் ஒரு வாரம் வாயைத் திறந்தேனா? எனக்கு மணிதான் வேண்டும்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டோடு மல்லுக்கட்டு. நாலாவது மாடியைத் தாண்டும்போது கீச்சென்று சத்தம் வருகிறதாம். நான் மூன்று தடவை உள்ளே நின்று மேலும் கீழும் போய்வந்தேன், ஒரு சத்தமும் இல்லை. பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் புகார். எங்கள் ஆபீஸில் இருக்கிற இன்னொரு மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு, சத்தம் இருக்கிறது என்கிறார். என் காதைவிடவா அவர் காது?

தம்பி


ஏப்ரல் 15

பாம்புக்காதுத் தம்பிக்கு,

பகலில் எடை மெஷின்களுக்கு நிரல் எழுதிவிட்டு, மாலையெல்லாம் உன் மணியைத் தேடினேன். உன்னிடம் இருக்கிற அதே மாடல் கன்சோல் வைத்திருக்கும் நாலு பேருக்கு அனுப்பிக் கேட்டேன். நாலு பேருக்கும் மணி அடிக்கிறதாம்.

இத்துடன் இன்னொரு கார்டு அனுப்புகிறேன், இதில் ஆட்டம் இல்லை. வெறும் எட்டு ஒலிகள்தான், கனத்த சுருதியில் தொடங்கிக் கீச்சென்ற மெல்லிசுச் சுருதி வரைக்கும். திரையில் எண் தெரியும். எந்தெந்த எண் கேட்டது என்று ஒரு தாளில் எழுது. பிறகு உன் மனைவியும் தனியாகக் கேட்டு எழுதட்டும். ஏன் எதற்கு என்று வாதாடாமல், அக்காவுக்காக இதைச் செய்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

முதல் ஐந்து ஒலிகள் வந்தன. மிச்சம் மூன்றைப் போட மறந்துவிட்டாய் என்று உன்னைக் கிண்டல் செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவள் தன் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் எட்டும் இருந்தன. “ஏழாவது காதைக் குத்துதுங்க” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து மறுபடி போட்டேன். திரையில் ஏழு வந்தது. எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் முகத்தைச் சுளித்தாள்.



தம்பி


மே 1

என் தம்பிக்கு,

நிரலில் முதல் நாளிலிருந்தே தப்பு இல்லை. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோதே எனக்கு உன் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நேராகச் சொல்லத் தைரியம் வராமல் ஒரு கார்டை விட்டுச் சொல்ல வைத்தேன். அது என் கோழைத்தனம்தான்.

நீ காதை நம்பி லிஃப்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன். அதில் ஏறுகிறவர்கள் உன் கையெழுத்தை நம்பி ஏறுகிறார்கள். டாக்டரைப் பார்க்கும்வரை தனியாகக் கையெழுத்துப் போடாதே. என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். முதல் வாரம், இனி உனக்கு எழுதுவதே இல்லை என்றிருந்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டின் பரிசோதனைப் புத்தகம் மறுபடி என் கையெழுத்துக்கு வந்தது. பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். மேலதிகாரியிடம் போய், “சார், நாலாவது மாடில சத்தம் இருக்கு. எனக்குத்தான் கேக்கலை” என்று சொன்னேன். கழற்றிப் பார்த்தால், கப்பியின் பேரிங் தேய்ந்து பாதியாகியிருந்தது.

இருபது வருட மெஷின் ரூம் இரைச்சல்தான் காரணம் என்றார் டாக்டர். போன மெல்லிசு ஒலிகள் போனவைதானாம். பேச்சு தெளிவாகக் கேட்கக் காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். ஆபீஸில் அந்த இன்னொரு மெக்கானிக்கோடு ஜோடி போட்டுவிட்டார்கள். அவர் கேட்கிறார், நான் கழற்றுகிறேன். கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கருவியோடு ஐந்தாம் குகைக்குப் போனேன். மணி வரவில்லை. விளக்கை வைத்து அனுப்பு. அழுகுணி ஆட்டமாகவே இருக்கட்டும். மூன்றாம் குகையில் உன்னை ஒரு வாரம் அழவிட்டதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். கொஞ்சம் மெதுவாகப் பேசு. லைன் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற பாம்புக்காது