பாட்டில் மூடியில் ஒரு மேச்சேரி ஆடு

இன்று காலை, கொண்டப்பநாயக்கன்பட்டி ஸ்டூடியோவில் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். வெள்ளை மூடி. குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது, போட மனம் வரவில்லை. நீ இருந்தால் அதைப் பிடுங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதுல ஒரு ஆடு நிக்கும்" என்றிருப்பாய்.

வடக்கே மழை பிடித்து, போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு நீயும் ஊர் திரும்பியிருந்த சமயம் அது. வேலைக்குப் போன காட்டிலெல்லாம் ஓய்வு கிடைத்தால் பாட்டில் மூடிகளில் படம் வரைவது உன் பழக்கம். அதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தர ஒரு வீடியோ எடுத்து, திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தாய்.

"பாத்துப்போட்டு ஒளிக்காமச் சொல்லோணும் மாப்ள. இது ஓடுச்சுன்னா நான் மறுக்கா ரிக் வண்டி ஏறமாட்டேன்."

உன் கூட்டாளிகள் எல்லோரும் ஏற்கெனவே 'சூப்பர்' என்று அனுப்பியிருந்தார்கள். முழுதாகப் பார்க்காதவர்கள் சொல்லும் சொல் அது. நான் முழுதாகப் பார்த்தேன். கொம்பில்லாத மேச்சேரி ஆடு, மூடிக்குள் தலையைத் திருப்பி நின்றது. அதன் காது மடிந்திருந்த விதத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. அதை முதலில் சொன்னேன், அது உண்மை என்பதால். பிறகு மற்றவற்றையும் சொன்னேன். பாதி நேரம் உன் தலை விளக்கை மறைக்கிறது. கேமரா உன் கைக்குப் பின்னால் இருக்கிறது. வாய்க்கு வாய் 'ரொம்ப ஈஸிங்க' என்கிறாய். வரைய வராதவன் தன்னையே மட்டமாக நினைத்துக்கொள்வான்.

எனக்குப் புரியாதது இன்னொன்று. ஆட்டுக்கு முதல் வண்ணம் அடித்து முடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை விரித்துத் தூக்கிக் காட்டினாய். அப்படியே இருந்தாய், வெகுநேரம்.

"என்னடா இது, பஸ்ஸ நிறுத்தற மாதிரி?"

"காயட்டும், பொறுன்னு அர்த்தம்."

"அது யாருக்குத் தெரியும்?"

"ரிக்குல எல்லாத்துக்கும் தெரியுமே."

கம்ப்ரசர் இரைச்சலில் வருடக்கணக்காகக் கையாலேயே பேசிப் பழகிய ஆள் நீ. கவனம் கூடும் இடத்தில் உன் வாய் தானாக மூடிக்கொண்டு கை மேலே போய்விடும். சிரித்து முடித்த பிறகு முகம் சுருங்கி, "அத வெட்டிரட்டா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். "கை இருக்கட்டும். எதுக்குப் பொறுக்கறோம்னு கூடவே சொல்லு. ஈரத்து மேல அடிச்சா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாதில்ல."

ஸ்டூடியோவிலேயே மறுபடி எடுத்தோம். விளக்கை இடப்பக்கம் வைத்தேன், கேமராவைத் தலைக்கு மேலே கட்டினேன். நீ வாயைத் திறந்தாய். தெரு முழுக்கக் கேட்டது.

"மெதுவாப் பேசுடா. ஆடு வெரண்டு ஓடிரும்."

"ரிக்குல மெதுவாப் பேசுனா எவனுக்குக் கேக்கும்?" என்று அதையும் கத்தியே சொன்னாய். எத்தனையோ முறை எடுத்த பிறகு உன் குரல் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு இறங்கியது. அன்றுதான் உன் சாதாரணக் குரலை நானே முதன்முதலாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

வீடியோ ஓடியது, மெதுவாக. மழை அதைவிட வேகமாக விட்டது. ரிக் முதலாளியின் போன் வந்தது. "ஒரு சீசன் மட்டும் மாப்ள. அதுக்குள்ள இது புடிச்சுக்கும்" என்று சொல்லிப் போனாய்.

துளை போடும் இரும்பு ராடு சரிந்து, அங்கேயே உன் உயிர் போனதாகச் சொன்னார்கள். தூங்க விடாமல் ஓட்டிய வண்டி, தலைக்கவசம் இல்லாத ஆட்கள், பேர் தெரியாத ஒரு காடு. உன் கவனக்குறைவு என்று உன் வீட்டுக்கே வந்து சொன்னார் முதலாளியின் ஆள். ஒரு புள்ளி காய்வதற்காக மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தவனுக்குக் கவனமில்லையாம். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

உன் வீடியோவைத் திருத்தியது நான்தான் என்று தெரிந்து சிலர் தங்கள் முதல் வீடியோவை எனக்கு அனுப்புகிறார்கள். போன வாரம் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அனுப்பினார். புளியங்கொட்டையில் மயில். 'எப்படி இருக்குங்க?' என்று கேட்டிருந்தார். உடனே பதில் எழுதுவதில்லை நான். முதலில் ஒன்று கேட்கிறேன்: "இத வெச்சு இப்பப் பாக்கற வேலைய விடலாம்னு நெனைக்கறீங்களா?"

பொழுதுபோக்குக்குத்தான் என்றால், நல்லதை நாலு வரி சொல்லி, குறையை ரெண்டு வரி சொல்லி அனுப்புகிறேன். "ஆமாங்க" என்று வந்தால் அன்று அந்த வீடியோவைத் தவிர வேறு வேலை எடுப்பதில்லை.