அப்பா பேரில் ஒரு பெஞ்சு

திருப்பூர்
8.9.2024

என் கண்ணு அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்கவேண்டும். போனில் பேசினால் "ஒரு நிமிசம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடுதாசியென்றால் முழுசும் படித்துத்தான் ஆகவேண்டும்.

டாக்டரும் நீயும் சொன்னீர்களென்று புதுப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். அப்பா காலமெல்லாம் பாய்லர் பார்த்த சாயப்பட்டறை இருந்த இடம். மிசின் நின்ற இடத்தில் இப்போது புல்லு. புகைபோக்கிக்கு மஞ்சள் பெயிண்ட். பெரிய மனுசர்கள் வட்டமாக நின்று ஹா ஹா என்கிறார்கள். கேட்டால் உடற்பயிற்சியாம். சிரிப்பு வராமலே சிரிக்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது போகட்டும். அந்தக் கல் பெஞ்சு யார் வேலை? "ஆறுச்சாமி நினைவாக. உபயம்: மகள் அனுப்பிரியா" என்று வெட்டியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அவர் போய் வருசம் திரும்பவில்லை, அந்தப் பேர் மேலே ஒருத்தன் பூட்ஸ் காலை வைத்துக் கயிறு கட்டுகிறான். ரெண்டு சின்னஞ்சிறுசுகள் ஐஸ்கிரீமைச் சிந்திவிட்டுப் போகிறார்கள். முந்தானையால் துடைத்தேன். வாட்ச்மேன் தனபால், "ஏனுங்க்கா, கிளீனிங் வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்கிறான்.

அங்கே அப்பா ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா? பாய்லர்காரன் உட்கார்ந்தால் தூங்கிவிடுவானென்று ஸ்டூலைக்கூட எடுத்துவிட்டான் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்தால் கால் வீங்கிக் கிடக்கும். நான்தான் சுடுதண்ணி ஊற்றுவேன். நின்றே தேய்ந்த மனுசன் பேரில் பெஞ்சாம்! அதுவும் நட்ட நடு வெயிலில்! எடுக்கச் சொல். எடுக்கிறவரை நான் நடக்கவும் மாட்டேன், தீபாவளிக்கு உன் ஊருக்கு வரவும் மாட்டேன்.

கோபத்தோடு,
அம்மா மருதம்மாள்


புனே
14.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

முழுசும் படித்தேன். ஸ்டூல் விஷயம் எனக்குத் தெரியாது, அப்பா சொன்னதேயில்லை.

கோயில் டியூப் லைட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை யார் யார் பேரோ இருக்கிற ஊர் நம் ஊர். அப்பா பேர் ரேஷன் கார்டில்தான் இருந்தது, அதிலும் அடித்துவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. பேரைப் பார்க்கவாவது நீ தினமும் நடப்பாயென்றும் நினைத்தேன்.

சரி, விடு. பூங்கா ஆபீசில் பேசிவிட்டேன். 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துவிடுவார்கள். போதுமா? தீபாவளிக்கு வந்துவிடு அம்மா.

உன்,
அனு


திருப்பூர்
21.9.2024

கண்ணு அனுவுக்கு,

சொன்னபடி எடுக்கிறார்களா என்று பார்க்கத்தான் நேற்றுப் போனேன். கடப்பாரையோடு ரெண்டு பேர் வந்து நிற்கிறார்கள். பெஞ்சில் ஒருத்தன் தூங்குகிறான். நைட் ஷிப்ட் முடித்த பனியன் கம்பெனி ஆள், தலைமுடியெல்லாம் பஞ்சு. வெயிலுக்குக் கையால் கண்ணை மூடியிருந்தான். செருப்பை ஒழுங்காகக் கழற்றிக் கீழே வைத்திருந்தான். பாதம் ரெண்டும் வீங்கியிருந்தது.

தனபால் அவன் காதுக்கிட்டே விசில் ஊதக் குனிந்தான்.

"ஏப்பா, விசிலை எடு வாயிலிருந்து" என்றேன்.

"இங்க படுக்கக் கூடாதுங்க்கா. ரூலு."

"உட்காரக் கூடாதுன்னு ஒருத்தன் ரூல் போட்டான் எங்க ஊட்டுக்காரருக்கு. பெஞ்சுல பேரைப் படிச்சியா? அவரு பெஞ்சு. தூங்கட்டும்."

கடப்பாரைக்காரர்களுக்கு எரிச்சல். "ஏனுங்கம்மா, எடுக்கறதா வேண்டாமா?"

"வேண்டாமுங்க. போயிட்டு வாங்க."

என் வாயிலிருந்தே வந்துவிட்டது. தூங்கினவன் அசையவே இல்லை.

உன்னோடு பெரிய ரோதனை. ஒரு காரியம் செய்தால் யோசித்துச் செய்யமாட்டாயா? மறுபடியும் ஆபீசுக்குப் பேசு. கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பெஞ்சை அந்த நிழலுக்கு மாற்றச் சொல். இன்றைக்கும் அவன் வந்து படுத்துவிட்டான். பெஞ்சை மாற்றுகிறவரை என் குடையை அவன் முகத்துக்கு நேரே விரித்து வைத்துவிட்டு, அவன் எழுந்திருக்கிறவரை நான் சுற்றிச் சுற்றி நடக்கவேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு டிக்கெட் போடு. திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடு. ரொம்ப நாள் தங்க முடியாது.

அம்மா