சாம்பல் நிறப் பலகை

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இங்கே எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கப்பலில் உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுவதுதான் நின்றபாடில்லை. பார்க்க வந்த ஆள், குழாயை விட்டுவிட்டுச் சுவரைக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

போனில் நீங்கள் "என்ன விசேஷம்" என்பீர்கள், நான் "ஒண்ணுமில்ல" என்பேன், அதற்குள் லைன் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்ச காலமாக நான் படம் வரைகிறேன். சிரிக்காதீர்கள்.

பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் என் பொறுப்பு அல்லவா? "நான் கேட்ட நீலம் இது இல்ல" என்று ஆட்கள் திருப்பித் தருகிற டப்பாக்களை முதலாளி மூலையில் அடுக்கி வைத்திருப்பார். அத்தை இறந்துபோன பிறகு ஒருநாள் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய அலமாரிக் கதவைத் தரையில் போட்டு, சுவருக்கு அடிக்கிற பிரஷ்ஷால் இழுத்தேன். மரம், வீடு, பூ என்று எதுவும் இல்லை. வெறும் சிவப்பு. உள்ளே கிடந்து உறுத்தியது கை வழியாக இறங்கிய மாதிரி இருந்தது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அத்தை போனதிலிருந்து மாமா தேவைக்கு மேல் வாய் திறப்பதில்லை. வாசனை வந்து எட்டிப் பார்த்தவர், "வீட்டுக்கு அடிக்கப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகு கிடைத்த பலகையில் எல்லாம் வரைந்தேன். ஒன்று முழுக்கச் சாம்பல் நிறம். அடியில் மட்டும் வெளிறிய மஞ்சளில் ஒரு கீற்று. அதை மாமா எடுத்துப்போய்த் தன் நாற்காலிக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு பல் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். முதலாளி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒரு படம் வேண்டுமாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்தச் சாம்பலையே காட்டினார். நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அவர் தூக்கப் போனபோது மாமா எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இது வேணாம்மா. என் வீட்டுக்காரி போன அன்னிக்கு விடியறப்போ ஆஸ்பத்திரி வராந்தா இப்படித்தான் இருந்துச்சு. கதவுக்கு அடியில இந்த வெளிச்சம்தான் தெரிஞ்சுது. உள்ள கூப்பிடுவாங்கன்னு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கூப்பிடவே இல்ல."

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். மாமா பலகையைப் பிடித்தபடியே அழுதார். அத்தை போன அன்றுகூட அவர் அழவில்லை. கடைசியில் சிவப்புப் படத்தைக் கொடுத்தனுப்பினேன். பல்வலியோடு வந்து உட்காருகிறவர்கள் அதைப் பார்த்து என்ன பாடுபடுகிறார்களோ, பாவம்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் வரைந்தது ஆஸ்பத்திரி இல்லை. அத்தை போன சேதி கேட்டு, "நடுக்கடல்ல இருக்கேன், வர முடியாது" என்று நீங்கள் போனை வைத்தீர்களே, அதற்குப் பிறகு எனக்குள் இருந்தது அது. மஞ்சள் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இனி அது அவருடையது.

அன்றிலிருந்து பேசுகிறார். சாப்பிடும்போது அத்தை வைத்த குழம்பையும் என் குழம்பையும் ஒப்பிட்டு என் மானத்தை வாங்குகிறார். நேற்று உங்கள் பேச்சை எடுத்தார். இந்தத் தடவையும் ஒப்பந்தத்தை நீட்டித்துவிடுவானா என்று கேட்டார். கம்பெனி கேட்டால் உங்களுக்கு மறுக்க வராது என்றேன்.

"கம்பெனி கேக்குது. நாம எப்பவாவது கேட்டிருக்கோமா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வந்துவிடுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி