மூன்று தட்டும் என் தாளமும்

மருதம்பட்டை அவிகிற மணம் குசினியிலிருந்து வருகிறது. என் நெஞ்சு நோவுக்கு நல்லதென்று யாரோ சொல்ல, மனைவி காலையும் மாலையும் காய்ச்சித் தருகிறாள். கசப்பை எப்படியோ விழுங்கிவிடுவேன்; மணம்தான் பாடாய்ப் படுத்துகிறது. ஆற்றங்கரை மருதமரங்களுக்குள் திரிந்துவிட்டு நீ வரும்போது உன் சட்டையில் இதே மணம் இருக்கும். நீ இருந்தபோதே சொல்லியிருக்கவேண்டிய ஒன்றை இன்று எழுதுகிறேன். அப்போது வாய் வரவில்லை என்றால் அது பொய். வாய் நிறையவே வந்தது, வரக்கூடாத இடத்தில்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, பாதி நாள் வயல், பாதி நாள் பள்ளிக்கூடத்தில் வயலின் என்று இருந்தவன். நீ அதற்குப் பல வருடம் முன்பே, நில அளவைக் கோஷ்டியில் அளவுச் சங்கிலி பிடித்து, கனகராயன் ஆற்றின் தொடக்கம் தேடிக் காட்டுக்குள் போனவன். அப்போது வரைபடத்தில் மேல் ஆறு வெறும் புள்ளிக்கோடுதானாம். வானொலிக்கு ஒரு வாத்திய இசை அமைத்துத் தரும்படி எனக்குக் கடிதம் வந்ததும், உங்கள் பயணத்தையே இசையாக்க ஆசைப்பட்டேன்.

எத்தனை பின்னேரம் என் வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னாய்! "கோடையில மேலால ஆறு இல்லை மச்சான். மணலுக்குக் கீழதான் போகும். கையால தோண்டித்தான் குடிச்சனாங்கள்." அதைக் கேட்டுத்தான் வயலினின் அடித்தந்தியை மட்டும் மெல்ல இழுத்துத் தொடங்கினேன். பற்றைக் காட்டுக்குள் ஆளை ஆள் தெரியாததால், முன்னால் போகிறவன் கத்தியின் பின்பக்கத்தால் மரத்தில் தட்டுவான் என்றாய். இரண்டு தட்டு என்றால் வா. மூன்று தட்டு என்றால் யானை நிற்கிறது, அசையாதே. மேசையில் தட்டியும் காட்டினாய். ஒருநாள் மழை இரைச்சலில் மூன்றாவது தட்டுக் கேட்காமல் ஒருவன் நடந்து போனதையும், அவனை நீங்கள் சாக்கில் தூக்கி வந்ததையும் சொன்னாய். அவனுடைய அண்ணனும் அதே கோஷ்டியில் இருந்தவர்.

எல்லாம் கேட்டேன். எல்லாம் விளங்கியது. ஆனால் ஆட்கள் நடக்கிற பகுதிக்கு நான் போட்ட தாளத்தில் இரண்டு தட்டு நொண்டியது, மூன்று தட்டு அழகாக விழுந்தது. கடத்தில் மூன்று மூன்றாகத் தட்டவைத்து, அதன்மேல் புல்லாங்குழலைத் துள்ளவிட்டேன். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மாங்குளம் தேநீர்க் கடை வானொலியில் அது ஒலிபரப்பான அன்று நான் சலவை வேட்டியோடு வந்திருந்தேன். நீ அந்த அண்ணனையும் கூட்டி வந்திருந்தாய். கடம் மூன்று தட்டியதும் அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். தட்டு நிற்கவில்லை. குழலும் நிற்கவில்லை. அவர் வெளியே போய்விட்டார். நீ என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாய்: "மூண்டு தட்டு எண்டால் நிக்கவேணும். நீ ஆக்களை நடக்க விட்டிட்டியே."

"சங்கிலி பிடிச்ச உனக்குத் தாளம் எங்க விளங்கப்போகுது?" என்றேன். கடை முழுவதும் கேட்க. இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எழுதவே கூசுகிறது.

நீ வெளியே இறங்கினாய். அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாய். பிறகு என் படலையை நீ திறக்கவேயில்லை. நானும் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாளைக்குப் போகலாம், அறுவடை முடியட்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்கும் வரத் துணிவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள்தான் வந்தேன்.

உன் மனைவி முகம் சுளிக்கவில்லை. "இருங்கோ மாஸ்டர்," என்று தேத்தண்ணி தந்தா. "உங்கட பாட்டு இன்னொருக்கால் றேடியோவில போனது. இவர் பக்கத்து வீட்டை போய்க் கேட்டவர். 'என்ர சிநேகிதன் செய்தது' எண்டு எல்லாருக்கும் சொன்னவர். ஒரு இடம் பிழையாம். 'அது அவனில பிழையில்லை, நான்தான் தட்டை மாறிச் சொல்லிப்போட்டன்' எண்டு கடைசி வரைக்கும் கவலைப்பட்டவர். நீங்கள் சொல்லுங்கோ, அவர் மாறித்தான் சொன்னவரோ?"

நீ சரியாகத்தான் சொன்னாய் என்று அவவிடம் சொல்ல ஒரு வசனம் போதும். 

நான் "ஓம், மாறித்தான் சொன்னவர்" என்றேன்.