மெழுகு அடைத்த சுவர்

கொட்டாஞ்சேனை,
12.11.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அந்தக் குளிருக்குள் நீங்களும் சுகமாக இருக்க முருகன் துணை. இதைத் தபாலில் போடவில்லை. டொரன்டோ வரும் சிவபாதசுந்தரம் மாஸ்டரின் கையில் கொடுத்து விடுகிறேன். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி நாகேந்திரம் இன்னும் என்னோடுதான். கொழும்பில் நிற்க வவுனியாவில் கொடுத்த பாஸ் முடிந்துவிட்டது. பொலிஸில் பதியப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று போகவில்லை. பின்னறையை விட்டு வெளியே விடுவதில்லை. பாவம், அவன் வாய் திறவாமல் இருந்துவிடுவான். அவனுடைய இருமல்தான் சொல்வழி கேட்பதில்லை.

வீட்டுக்காரர் ஒரு வீட்டைப் பலகைச் சுவரால் இரண்டாக்கி வாடகைக்கு விட்டது உங்களுக்குத் தெரியும்தானே. பலகைக்குப் பலகை இடைவெளி, நீக்கல். அந்தப் பக்கம் குடியிருக்கும் பிறிஜெற் அக்கா கரண்டி வைத்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். நான் பேப்பர் ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சம் நின்றது, சத்தம் நிற்கவில்லை.

அவர் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். பொலிஸ்காரரின் பெண்சாதிமாருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் பைப்படியில், ஆருக்கு இருமல், தங்கச்சி என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். பின்னேரமே கொத்தமல்லி கொண்டுவந்து தந்தார். நான் அவிக்கவில்லை, குப்பையில் கொட்டினேன். எதற்குத் தந்தாரோ, யார் கண்டது?

பிறகு ஒரு வேலை தொடங்கினார். அந்தோனியார் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி, பழந்துணியைத் தோய்த்து, நீக்கல் நீக்கலாக அடைத்தார். சுவிச்சுக்குப் பின்னாலும் விடவில்லை. எங்களுக்குக் கேட்கக்கூடாத என்ன கதை அங்கே நடக்கப் போகிறது? ஆரைக் கூட்டிவந்து இருத்தி எங்களைப் பற்றிச் சொல்லப் போகிறார்? மனதுக்குள் கண்டபடி திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பொலிஸ் சுற்றிவளைப்பு. என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், முன்னறையைக் கிளறினார்கள். தம்பி குளியலறைக்குள். ஒருவன் பின்பக்கம் திரும்ப, அவர்களில் பெரியவன் வாசலில் நின்ற பிறிஜெற் அக்காவிடம், இந்த வீட்டில் ஆம்பிளைக் குரல் கேட்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, மாதா அறிய அந்தச் சுவரால் தனக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை என்றார். அந்தப் பெரியவனுக்கு அவரை முன்பே தெரியும் போல. அவன் தலையாட்டிவிட்டு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு அவரைக் கும்பிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு பொய் சொல்லேலாது தங்கச்சி, அதுதான் கேளாமல் அடைச்சனான் என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஆனாலும் அத்தான், எனக்குப் பயம் போகவில்லை. அவன் கேட்டது காதில் விழுந்ததை மட்டும்தான். கண்ணால் கண்டாயா என்று கேட்டிருந்தால்? இன்று காலை பிறிஜெற் அக்கா எங்கள் முற்றத்தைப் பார்த்த தன் ஜன்னலுக்கும் பலகை அறைகிறார். இனி அடைப்பதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஏஜென்சிக்காரனை நெருக்குங்கோ. தம்பியைக் கெதியாக அங்கே எடுங்கோ. அந்த மனுசியைப் பொய் சொல்ல வைத்துவிடாதேயுங்கோ.

உங்கள் அன்பு மனைவி,
ஜெகதீஸ்வரி