சுருள் இல்லாத பெட்டி

மார்ச் 5, 2001

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதப் போகிறேன். எழுபது வயதில் எழுத்துக் கற்றவன் வேறென்ன செய்வான்? ஒரு வரி போதும் என்றார் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் நூலகத்து அம்மா. எனக்குப் போதாது. வெர்லின் ஸ்ட்ரவுட். என் பெயர்தான். பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மகள் நடீன் எங்கள் ஊர் டெலிபோன் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறாள். நானூறு வீடுகள். ஊரைத் தாண்டும் ஒவ்வொரு அழைப்பும் பெரிய கம்பெனியின் கம்பி வழியாகத்தான் போகவேண்டும். அவர்கள் கேட்பதைக் கொடுத்துக் கொடுத்தே சங்கம் சாகக் கிடக்கிறது.

மார்ச் 8

நடீன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ரயில் பாதையோரம் புதைந்திருக்கும் வேறொரு கம்பெனியின் கேபிளுக்குள் கண்ணாடி இழைகள் ஏராளம். பெரும்பாலானவற்றில் ஒளியே விடவில்லை, சும்மா கிடக்கின்றன. இருட்டு இழை என்கிறார்கள்.

"ரெண்டே இழை போதும்ப்பா. வெளிச்சத்தை நாமளே விட்டுக்கலாம். அப்புறம் பெரிய கம்பெனிகிட்ட ஏன் கையேந்தணும்? ஊர் ஊரா இப்படிக் கிளம்பிட்டா அவங்கதான் நம்மளத் தேடி வரணும்."

அந்தக் கேபிளைப் புதைத்தவன் நான். என் கடைசி வேலை. மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 11

நடீன் அந்தக் கேபிளின் வரைபடத்தை மேசையில் விரித்தாள். நான் வாசிக்கிறேன் என்று விரல் வைத்து வாசித்தேன். தானியக் கிடங்கு. பெட்டி. இங்கே அறுபது அடி சுருள் விடவும்.

அவள் கை தட்டினாள். நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

இழையைப் பிரித்து இணைக்க வேண்டுமென்றால் ஊர்க் கிடங்கருகே மண்ணில் பதித்த பெட்டிக்குள் கேபிளை மிச்சம் விட்டுச் சுற்றி வைத்திருக்க வேண்டும். புதைத்த அன்று மேஸ்திரி பல்வலி என்று கிளம்பிவிட்டார். இதே வரைபடத் தாளை என்னிடம் தந்தார். தலையாட்டினேன். வாசிக்கத் தெரியாதென்று நாற்பது வருடமாக எந்த மேஸ்திரியிடமும் சொன்னதில்லை. தாளில் ஓரிடத்தில் வட்டம் போட்டிருந்தது. வட்டம் என்றால் சுருள் என்று எடுத்துக்கொண்டு அங்கே விட்டேன்.

இன்று அந்த வட்டத்தின் கீழே வாசித்தேன். ஓடைப் பாலம். ஊரிலிருந்து பதினோரு மைல்.

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 15

ஞாபகம் தப்பாக இருக்கலாமே? பின்னால் யாராவது வந்து சரிசெய்திருக்கலாமே?

நடீன் கேபிள் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். இருபது வருடத்துக்கு இரண்டு இழை. சங்கத்தின் சேமிப்பு முழுவதும் போனது. பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தேன் நான்.

ஏப்ரல் 3

கிடங்கருகே பெட்டியைத் திறந்தார்கள். சங்கத்தின் லைன்மேன் வெண்டெல் தலையை உள்ளே விட்டான்.

"பெரிசு, இது நீ புதைச்சதா? கேபிள் நேரா ஓடுது. சுருளைக் காணோம், தவளைதான் குடியிருக்கு. வாடகையாவது வாங்குனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நடீன் என்னையே பார்த்தாள். சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மேப்பு வாசிச்ச அன்னைக்கே."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

கேபிள் கம்பெனி மறுத்துவிட்டது. ஒளி ஓடுகிற இழைகளும் அதற்குள்தான் இருக்கின்றன, நடுவில் வெட்டக் கூடாது, சுருள் இருக்கும் இடத்தில் வந்து இணைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பாலம்வரை தோண்டச் சங்கத்தில் எதுவும் மிச்சமில்லை.

வாசிக்கக் கற்காமலே இருந்திருந்தால் பெட்டியைத் திறக்கும்வரை எனக்கும் தெரிந்திருக்காது. அதற்குத்தான் ஏங்குகிறது மனசு. நானெல்லாம் என்ன மனுசன். வாயத் தொறக்க நாலு நாள் இருந்துச்சே — நாலு நாள்.

ஜூன் 29

சங்கத்தைப் பெரிய கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். கூட்டத்தில் நடீனைக் கண்டபடி பேசினார்கள். அப்பன் பெயரை அவள் எடுக்கவே இல்லை. எழுந்து, தப்பு என்னுடையது என்றேன்.

"உட்காருங்கப்பா" என்றாள். இந்த மாதம் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6

நடீன் வேலை தேடி ஒமாஹா நகரத்துக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 2

அவளிடமிருந்து போன் வரவில்லை.

அக்டோபர் 9

இன்று ஒரு கடிதம் வந்தது. உறையில் என் பெயர். என் ஆயுளில் எனக்கென்று வந்த முதல் கடிதம்.

நடீன் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். நூலகத்து அம்மாவே திணறுவார். இதில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, பெரிது பெரிதாக, கோடு விட்டுக் கோடு. மூன்று பக்கம். இப்படி எழுத அவளுக்கு ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கும்.

காலையிலிருந்து வாசிக்கிறேன். இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன்.